மண்டபத்தில் கிடைத்த தங்கச்சி

வணக்கம் சகோதரி,

நான் கூடலூர்க்காரன். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களைப் போலவே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். மகனுக்கு 27 வயது, பெங்களூரில் வேலை. பெண் பார்க்கிறோம் என்றதும், தான் ஓரினச்சேர்க்கையாளன் என்றும், ஒரு பையனோடு இரண்டு வருடமாக ஒரே வீட்டில் வாழ்வதாகவும் அவன் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்றே நினைக்கிறேன். மகளும் மருமகனும் "இதிலென்னப்பா இருக்கு" என்கிறார்கள். கோவையில் ஒரு டாக்டர் கவுன்சலிங் கொடுத்து மாற்றிவிடுவாராம். ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். 2018இல் நம் மலையில் குறிஞ்சி பூத்த சமயத்தில்தான் இது குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. இயற்கையே ஏதோ சொல்கிறதோ என்றும் ஒரு மனது நினைக்கிறது. என் கேள்வி ஒன்றுதான். என் அம்மாவுக்கு 86 வயது. பேரன் கல்யாணம் எப்போது என்று தினமும் கேட்கிறாள். அவளிடம் சொல்லலாமா? தாங்குவாளா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரருக்கு,

கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். பாதி உங்கள் மேல், பாதி என் மேல். போன மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது, இலங்கையிலிருந்து வந்த சமயத்தில் எங்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை கிடைத்தது. அதைக் கையில் எடுத்ததிலிருந்து இரண்டு பெண்களின் நினைவாகவே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது என்று ஒரு வாத்தியார் எழுதுகிறார்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கோவை டாக்டரிடம் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இதை 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. பணம் மிஞ்சியிருந்தால் வீட்டுக் கூரையைப் பாருங்கள், ஜூன் பிறந்தால் உங்கள் ஊரில் மழை விடாது.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்று சொன்னவர்கள் யாரோ, அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். உங்கள் மகளை, அவளை விரும்பவே முடியாத ஒருவனுக்கு, விஷயத்தை மறைத்து யாராவது கட்டிவைத்திருந்தால் சும்மா இருந்திருப்பீர்களா?

குறிஞ்சியையும் விட்டுவிடுங்கள். இதைக் குற்றம் என்ற அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862இல். பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிப் பாருங்கள், நேராக 2018இல் வந்து நிற்கும். சட்டம் வந்த வருடமும் பூத்தது, சட்டம் ஒழிந்த வருடமும் பூத்தது. பூவுக்கு என்ன தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1973இல் நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. மண்டபம் முகாமில் சில வாரங்கள். அங்கே எங்கள் பாய்க்குப் பக்கத்துப் பாயில் ஒரு பெண் தனியாக இருந்தார், அட்டன் பக்கம். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கேயே தங்கிவிட, இவர் பெயர் மட்டும் இந்தியாவுக்கு என்று விழுந்திருந்தது. கொஞ்ச நாளில் இன்னொரு பெண் வந்து சேர்ந்தார், பதுளைக்காரர், இவரைவிட ஏழெட்டு வயது சின்னவர். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, தோட்டத் தமிழர்களில் இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்களே, அந்தக் கணக்கில் சிதறியவர்கள் இருவரும். இந்தியாவின் பங்கு 5,25,000 பேர். அதில் இந்த இரண்டு பேர்.

எந்த எஸ்டேட்டுக்கு அனுப்புவது என்று எழுதும் நாளில் இருவரும் ஒன்றாகப் போய் நின்று "அக்கா தங்கச்சி" என்றார்கள். என் அப்பாயி வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, அப்படியா என்று அப்பாயியைக் கேட்டார். "ஆமாய்யா, எனக்குத் தெரிஞ்ச பிள்ளைகதான்" என்றாள். அவளுக்கு அவர்களைத் தெரிந்து பதினைந்து நாள்.

கோத்தகிரிப் பக்கம் எங்கள் லயத்திலேயே அவர்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை இங்குள்ளவர்கள் லைன் வீடு என்பார்கள், நாம்தான் லயம் என்போம்.) பெரியக்கா, சின்னக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். கொழுந்து எடுக்க இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை வேண்டும், இல்லையென்றால் பெரியக்கா கங்காணியிடம் சண்டைக்குப் போவார். இரண்டு கூடையையும் ஒரே பேரில் நிறுத்துவிடலாமா என்று கணக்கப்பிள்ளை கேலி செய்வார். ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்ததும் வாசலில் உட்கார்ந்து சின்னக்காவுக்குப் பெரியக்கா தலை வாரிவிடுவார். ரொம்ப நேரம் வாருவார். சிக்கெல்லாம் எப்போதோ போயிருக்கும். எங்களுக்கு அங்கே ரொட்டியும் சம்பலும் கிடைக்கும் என்பதால் நாங்கள் குழந்தைகள் அந்த வாசலிலேயே கிடப்போம்.

அவர்கள் அக்கா தங்கை இல்லை என்று லயத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஒருவர் பேச்சில் அட்டன், இன்னொருவர் பேச்சில் பதுளை. சாமி கும்பிடுவதில்கூட இருவர் வீட்டு வழக்கமும் வேறு. இருபது வீட்டுக்காரர்களும் சேர்ந்து அந்தப் பொய்யைப் பத்து வருடம் காப்பாற்றினார்கள்.

நான் அந்த லயத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். கோவையில் விடுதி. அங்கே ஒரு வாரப்பத்திரிகையின் டாக்டர் பதில் பகுதியில்தான் ஓரினச்சேர்க்கை என்ற சொல்லை முதல்முதலாகப் படித்தேன். அது ஒரு மனக்கோளாறு என்று இருந்தது. சட்டப்படி குற்றம் என்று விடுதி அறைத்தோழி சொன்னாள். 1983 டிசம்பர் விடுமுறைக்கு மலையேறிய பஸ்ஸில் அந்தச் சொல்லையும் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது என் வயதுப் பெண்கள் யாரோ பெரியக்கா பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் விளக்கினேன். படித்தவள் இல்லையா? "அதுக்குப் பேரு இருக்கு. அது ஒரு வியாதி. பத்து வருஷம் உள்ளே போடுவாங்க" என்றேன். அந்தச் சட்டப் பிரிவு பெண்களுக்குப் பொருந்துமா என்பதே வக்கீல்கள் வாதாட வேண்டிய விஷயம், எனக்கு அப்போது அதெல்லாம் எங்கே தெரியும்? அப்பாயி காதில் விழுந்து, "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணை. உனக்கெதுக்கு அந்தப் பேச்சு?" என்று குடத்தைப் பிடுங்கினாள். அதற்குள் அந்தச் சொல் கிளம்பிவிட்டது. பொங்கலுக்குள் கங்காணிக்கும், பிறகு ஆபீசுக்கும் போயிற்று. யாரோ குடும்ப அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். தகப்பன் பெயர் வேறு வேறு. ஒரு குடும்பத்துக்குத்தான் ஒரு வீடு, இது குடும்பம் இல்லை என்று சின்னக்காவை வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். ஏழு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து வருவார். கொஞ்ச நாளில் அதுவும் குறைந்தது.

பெரியக்கா 1991இல் போனார். எடுக்கிற நேரத்தில் சின்னக்கா கூட்டத்துக்கு வெளியே, சவுக்கு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வாய்க்கரிசி போட வாம்மா என்று என் அம்மாதான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். நானும் அங்கேதான் நின்றேன். அப்போது எனக்கு வேலை கிடைத்திருந்தது, கைக்கடிகாரம் கட்டியிருந்தேன். நான் கூப்பிடவில்லை.

இப்போது உங்கள் "வெளிநாட்டுப் பழக்கம்". நம் ஜில்லாவிலிருந்தே சொல்கிறேன். பின்னால் நம் தண்டனைச் சட்டத்தை வரைந்த மெக்காலே, 1834இல் இந்தியாவுக்கு வந்ததும் நேராகப் போன இடம் ஊட்டி. கவர்னர் ஜெனரல் பெண்டிங் உடம்பு சரியில்லாமல் அங்கே தங்கியிருந்தார். சென்னையிலிருந்து நானூறு மைல் மனிதர்களின் தோளிலேயே வந்தேன் என்று மெக்காலே ஊருக்குக் கடிதம் எழுதினார். தூக்கியது யார் என்று உங்களுக்கும் எனக்கும் சொல்ல வேண்டியதில்லை. தண்டனைச் சட்டத்தை அவர் ஊட்டியில் உட்கார்ந்து எழுதினார் என்று டூரிஸ்டுகளிடம் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படியில்லை, வரைவு கல்கத்தாவில் 1837இல் முடிந்தது. அந்த வரைவில் இதற்கு இரண்டு பிரிவுகள் வைத்துவிட்டு, இந்த அருவருப்பான விஷயத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது, பொதுவில் விவாதிப்பதே ஜனங்களைக் கெடுக்கும் என்று விளக்கம் எழுதினார்கள். அதாவது, எது குற்றம் என்று சொல்லவே கூச்சம், ஆனால் தண்டனை உண்டு. அதுதான் 1860இல் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஆயிற்று, ஆயுள் வரைக்கும் தண்டனை. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் 1967இல் விலக்கிக்கொண்டார்கள். நாம் 2018 செப்டம்பர் 6 வரை பத்திரமாக வைத்திருந்தோம். கப்பலில் வந்து இறங்கியது உங்கள் மகனின் மனசு இல்லை சார், அதைக் குற்றம் என்று சொன்ன காகிதம். மெக்காலே பல்லக்கில் கொண்டுவந்ததை நான் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

அப்பாயியும் இதைப் பற்றிப் பேசாதவள்தான். மெக்காலேயும் பேச வேண்டாம் என்றவர்தான். ஆனால் அப்பாயி பேசாமல் இருந்தபோது ஒரு வீட்டில் அடுப்பு எரிந்தது. மெக்காலே பேசாமல் இருந்த இடத்துக்குப் பின்னால் ஜெயில் இருந்தது.

உடனே, அந்தக் காலத்தில் எல்லாரும் எவ்வளவு நல்லவர்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். அதே லயத்தில், நடை கொஞ்சம் குழைவாக இருந்த ஒரு பையனைத் துரத்தித் துரத்தி அடித்திருக்கிறார்கள். பெரியக்கா சின்னக்கா இருக்க முடிந்தது, யார் பெற்ற பிள்ளைகளும் இல்லை என்பதால். என் அத்தை ஒருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் இதே அப்பாயி அரிவாள்மனையைத் தூக்கியிருப்பாள். நான் சொல்வது ஒன்றுதான்: தாத்தா பாட்டி இருட்டில் இருந்தார்கள், நாம் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்தோம், பிள்ளைகள் முழு வெளிச்சத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு ஏணி போட்டு வைத்திருக்கிறோமே, அது பொய். இந்த விஷயத்தில் மூன்று தலைமுறையிலும் மோசமானவர்கள் நடுவில் நிற்கும் நாம். நோய் என்று படித்தவர்கள், பரீட்சையில் எழுதியவர்கள், நீங்களும் நானும்.

திருந்த முடியாதா என்றால், முடியும். முன்னே சொன்ன 2021 சென்னை உயர் நீதிமன்ற வழக்கில் மதுரையிலிருந்து வீட்டுக்குப் பயந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் வந்து நின்றபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். நம் தலைமுறைக்காரர்தான். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் அரசு 2022இல் மரியாதையான சொற்களுக்கு ஒரு பட்டியலே வெளியிட்டது. நீங்களும் அந்தப் பழைய சொல்லை விட்டுவிட்டு தன்பாலீர்ப்பு என்று சொல்லிப் பழகுங்கள். சேர்க்கை என்னும்போது நமக்குப் படுக்கைதான் தெரிகிறது. ஈர்ப்பு என்றால் ஒருவேளை தலைவாரிவிடுவது தெரியலாம்.

உங்கள் மகள் "இதிலென்ன இருக்கு" என்பதும் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. நிறைய இருக்கிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர முடியாது என்று கைவிரித்துவிட்டது. திருமணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்று இல்லை என 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் நாளைக்கு அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தால், நீ யார் என்று உங்கள் மகனைக் கேட்பார்கள். அண்ணன் தம்பி என்று அவனும் பொய் சொல்ல வேண்டிவரும். அப்போது பக்கத்தில் நின்று ஆமாம் என்று சொல்ல யாராவது வேண்டும்.

அப்புறம், உங்கள் அம்மா. கேள்வியை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள், கொஞ்சம் மறந்துதான் போனேன். 86 வயது என்றால் பாதி வாழ்க்கை லயத்தில் கழிந்திருக்கும். பத்தடி அறையும் பலகைத் தடுப்பும், பக்கத்து வீட்டு மூச்சுவரைக்கும் கேட்கும். அவர் பார்க்காததையா உங்கள் மகன் சொல்லிவிடப் போகிறான்? ஆனாலும் சொல்லலாமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அது அவன் சொல்ல வேண்டியது. நீங்கள் போய்ச் சொன்னால் அவனைப் பற்றிக் கோள் சொன்னது போலத்தான் இருக்கும். அவன் சொல்லும்போது நீங்கள் எழுந்து வெளியே போகாமல் அந்த அறையிலேயே உட்கார்ந்திருங்கள். அம்மா ஒப்பாரி வைக்கலாம், ஒரு வாரம் சாப்பிடாமல் கிடக்கலாம், அந்தப் பையன் என்ன சாதி என்றுகூடக் கேட்கலாம். நான் என்ன ஜோசியமா சொல்ல முடியும்?

அவனோடு இருக்கும் பையனின் பெயரை உங்கள் கடிதத்தில் எங்கேயும் காணோம். கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள். இரண்டு பேரையும் சேர்ந்தே வரச் சொல்லுங்கள். வழியில் பந்திப்பூர் காட்டுச் சாலை கேட்டை ராத்திரி ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள், பெங்களூரில் மத்தியானமே கிளம்பிவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்.