மழையில் இறுகிப்போன ஓப்பினல் கத்தி

கேள்வி: பிரான்ஸிலிருந்து மாமா 8ஆம் நம்பர் ஓப்பினல் மடக்குக் கத்தி வாங்கி வந்தார். சாதாரண கார்பன் எஃகு. நாலு மாதம் பழம் நறுக்கியதில் பிளேடில் கருநீலக் கறை ஏறிவிட்டது, இப்போது மழைக்காலத்தில் திறக்கவே வரவில்லை. கறையைத் தேய்த்துப் போக்கலாமா? பழைய ஓப்பினல்கள் சேர்க்கவும் ஆசை. எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் பிளேடும் கைப்பிடியும் சேரும் கழுத்தில் திருப்பிப் பூட்டுகிற உலோக வளையத்தைப் பாருங்கள். 2000க்குப் பிறகு வந்த கத்திகளில் மடக்கிய நிலையிலும் பூட்டு விழும். அதைத் திருப்பாமல் இழுத்து நகத்தைப் பேர்த்துக்கொண்டவர்கள் உண்டு (நானும்தான்). வளையம் திறந்தே இருக்கிறது, இருந்தும் வரவில்லை என்றால் குற்றவாளி மரம். கைப்பிடி பீச் மரம், ஈரம் பட்டால் ஊதி பிளேடைக் கவ்விக்கொள்ளும். இந்தக் கத்தி பிறந்த ஊரான சவோய் (பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதி) மலைக்காரர்கள் இதற்குச் செய்வது ரொம்ப எளிது: வளையத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியின் அடிமுனையை மேசையில் ஒரு தட்டு தட்டுவார்கள். பிளேடு நுனி லேசாக எழும்பும், அப்புறம் விரலால் திறக்கலாம். பிளேடு மடங்கி உட்காரும் பிளவுக்கு மேலே விரல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

திறந்தபிறகு மூடாமல் இரண்டு மூன்று நாள் காற்றாட வையுங்கள். வெயிலில் வேண்டாம், மரம் வெடிக்கும். காய்ந்தும் இறுக்கமாகவே இருந்தால் உப்புத்தாளை மடித்துப் பிளவின் உட்பக்கத்தைக் கொஞ்சமாகத் தேய்க்கலாம்; கொஞ்சமாக, ஏனென்றால் கோடையில் மரம் சுருங்கி பிளேடு ஆட ஆரம்பிக்கும். மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும்.

கறை விஷயத்துக்கு வருவோம். கருப்பு, சாம்பல், நீலம் எல்லாம் பழச்சாற்றின் புளிப்பு எஃகோடு சேர்ந்து உண்டாக்கிய படலம். தோசைக்கல் கருப்பதுபோல, அது இருக்கிற இடத்தில் துரு லேசில் பிடிக்காது. செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு; அந்த இடத்தை மட்டும் எண்ணெய் தொட்டு மெல்லிய எஃகுப் பஞ்சால் எடுங்கள். பளபளப்பு வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் மாடலே கிடைக்கிறது, இதை ஏன் படுத்த வேண்டும்?

பழசு வாங்க முதல் அளவுகோலும் அந்த வளையம்தான். ஜோசப் ஓப்பினல் 1890இல் செய்த கத்தியில் பூட்டு கிடையாது, வளையப் பூட்டு 1955இல்தான் வந்தது. எனவே திருப்பும் வளையமே இல்லாத 8ஆம் நம்பர் கிடைத்தால் கவனியுங்கள். ஆனால் 2 முதல் 5 வரையுள்ள சின்னக் கத்திகளில் இன்றைக்கும் பூட்டு இல்லை, அதைக் காட்டி "அந்தக் காலத்து ஐட்டம்" என்று விலை ஏற்றுவார்கள். 1897இல் 1 முதல் 12 வரை அளவுகள் வகுத்தார்கள். 1உம் 11உம் 1930களிலேயே நின்றுபோயின, ஆக அந்தப் பழைய இரண்டும் அரிது. பிளேடில் கிரீடம் வைத்த கை முத்திரை 1909இல் பதிவானது, இன்றும் அதேதான், அதனால் முத்திரையை மட்டும் பார்த்து வயது சொல்லிவிட முடியாது.

நான் அதைவிட உற்றுப் பார்ப்பது பிளேடின் அகலத்தை. சாணை பிடித்துப் பிடித்துப் பாதி தேய்ந்த பிளேடை எப்படித் துடைத்து விற்றாலும், புதுக் கத்தி ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கையில் புதுசு இல்லையென்றால் மடக்கிப் பாருங்கள், நகம் வைக்கும் பள்ளம் மரத்துக்குள் இறங்கியிருந்தால் ஏகத்துக்குத் தேய்ந்திருக்கிறது. கறை இருந்தால் பரவாயில்லை, வாங்குவேன். யாரோ பவர் டூல் போட்டுக் கண்ணாடிபோல் ஆக்கி, முத்திரை மங்கிப்போனதை மட்டும் தொடுவதில்லை.

உங்களுடைய 8ஐ அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மாம்பழம் வரட்டும், நறுக்குங்கள், உடனே துடைத்து வையுங்கள்.