வாசகர் கேள்வி: ஒப்பிக்கிறார்கள், பேச மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி: டிகிரி முடித்த பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். ஓரளவு சரளமாகப் பேசுகிற பேட்ச்தான். இந்த மாதத் தலைப்பு மனிதநேயப் பணி செய்தவர்கள், தொண்டு நிறுவனங்கள். யாரைச் சொன்னாலும் பிறந்த வருடம், வாங்கிய விருது, 'கிரேட் பர்சன்', அவ்வளவுதான். எப்படிப் பேச வைப்பது?
- ஓர் ஆசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: வாழ்க்கைக் குறிப்பைக் கொடுத்தால் அதைத்தான் திருப்பித் தருவார்கள், பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஒருவரைப் புகழ நாலு வார்த்தை போதும், வாதாடத்தான் மொழி வேண்டும். அதனால் அந்த மனிதர்கள் மாட்டிக்கொண்ட இக்கட்டைக் கொடுங்கள்.

செஞ்சிலுவைச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1859-இல் தொழில் விஷயமாக பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைப் பார்க்க இத்தாலிக்குப் போன சுவிஸ் வியாபாரி ஹென்றி டுனான்ட், சோல்ஃபெரினோ போரில் அடிபட்டுக் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை விட்டு, ஊர்ப் பெண்களோடு சேர்ந்து எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் கட்டுப் போட்டதில் தொடங்கியது அது. இதுவரை எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். இனிமேல்தான் விஷயம். செஞ்சிலுவைக்காரர்கள் சிறைக்குள் போய்க் கைதிகளைப் பார்ப்பார்கள், பார்த்ததைப் பொதுவாக வெளியே சொல்ல மாட்டார்கள், அந்த அரசிடம் மட்டும் சொல்வார்கள். அதனால்தான் கதவு திறக்கிறது. ஆனால் 1942-இல், யூதர்கள் நாடுகடத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, பகிரங்கமாக அறிக்கை விடலாமா என்று கூடிப் பேசி, வேண்டாம் என்று விட்டவர்களும் இவர்கள்தான். அது தங்கள் தோல்வி என்று பிற்பாடு அந்தச் சங்கமே ஒப்புக்கொண்டது. 1971-இல் பிரான்சில் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போ, போகப்போக பார்த்ததைச் சொல்வோம் என்ற பக்கம் சாய்ந்தது. 1985-இல் எத்தியோப்பியாவில் மக்களைக் கட்டாயமாக இடம் மாற்றியதைக் கண்டித்தது, நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள்.

வகுப்பை இரண்டாகப் பிரித்து, வாய் திறந்தால் துரத்துவார்கள், மூடிக்கொண்டால் நோயாளியைப் பார்க்கலாம், நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள். பாதியில் கட்சி மாற்றிவிடுங்கள். 'அது சரி, ஆனாலும்', 'அன்றைக்கே சொல்லியிருந்தால்' என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லியே ஆகவேண்டிய கட்டாயம் அப்போதுதான் வரும். நடுவில் இலக்கணம் திருத்தாதீர்கள், குறித்து வைத்துக்கொண்டு கடைசி பத்து நிமிஷத்தில் போர்டில் எழுதலாம்.

அப்புறம் நம்ம ஏரியாவுக்கு வாருங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வேர், 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருக்கிறது. வியாசர்பாடியில் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020-இல்தான் காலமானார், அவரிடம் காட்டியவர்கள் உங்கள் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கலாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவியபோது அதை அள்ளி எடுத்ததும் அங்கத்து மீனவர்கள்தான், பாதிக்கப்பட்டவர்களும் அவர்களேதான். அப்படி ஒருவரிடம் தமிழில் பேசி, வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். 'எப்படி உணர்ந்தீர்கள்' என்று கேட்க வேண்டாம். கையில் ஒட்டிய எண்ணெயை எதைப் போட்டுக் கழுவினீர்கள், வலை என்ன ஆச்சு, அன்றைக்கு சாப்பாடு யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்கட்டும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அனுமதி வாங்கச் சொல்லுங்கள்.