பியாஃப்ராவின் விமானங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நைஜீரிய உள்நாட்டுப் போர் பற்றிய கட்டுரையில், நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோன பியாஃப்ராவின் பட்டினியை மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். ஐந்தே பயிற்சி விமானங்களால் நைஜீரியாவைக் கதிகலங்க வைத்தார்களே! அதை முன்பே செய்திருந்தால் பியாஃப்ரா பிழைத்திருக்காதா? அந்த சுவீடன் விமானி பிறகு என்ன ஆனார்?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

முன்பே செய்து பார்த்தார்கள். 1967 ஜூலையில் போர் தொடங்கியபோதே பியாஃப்ராவின் தலைவர் ஓஜுக்வுவின் கையில் ஒரு பழைய பி-26 குண்டுவீச்சு விமானம் இருந்தது. அதை ஓட்டியவர் யான் சும்பாக், இரண்டாம் உலகப்போரில் பெயர் வாங்கிய போலந்துக்காரர். அப்போது நைஜீரியாவிடம் போர் விமானமே கிடையாது. அந்த முந்துதல் சில வாரம்தான். நைஜீரியாவுக்கு சோவியத்தின் மிக்-17 போர் விமானங்கள் வந்திறங்கின, எகிப்திய விமானிகளும் வந்தார்கள். பியாஃப்ராவோ பயணிகள் விமானத்தில் குண்டு ஏற்றிக்கொண்டிருந்தது. அப்படிப் போன ஒரு ஃபோக்கர், அக்டோபரில் நைஜீரியாவின் அன்றைய தலைநகர் லாகோஸ் வானிலேயே வெடித்தது.

நீங்கள் சொல்லும் ஐந்தும் எம்எஃப்ஐ-9 ரகம். இருவர் நெருக்கியடித்து உட்காரும் விமானம், 100 குதிரைத்திறன் எஞ்சின். காபோனில் வைத்து ஒவ்வொரு இறக்கைக்கும் கீழே ஆறு ராக்கெட் பொருத்தி, பச்சை வர்ணம் அடித்தார்கள். 1969 மே 22 அன்று, நீங்கள் கேட்ட சுவீடன் விமானி வான் ரோசனின் குழு மரங்களை உரசுகிற உயரத்தில் போய் போர்ட் ஹார்கோர்ட் விமானதளத்தைத் தாக்கியது. அசாத்தியத் துணிச்சல், மறுக்கவில்லை. ஆனால் ஓராண்டுக்கு முன்வரை அந்தத் தளமும் துறைமுகமும் பியாஃப்ராவுடையவை. போன துறைமுகத்தை அறுபது ராக்கெட்டால் மீட்க முடியுமா?

கடல் வழி அடைபட்ட பிறகு மிஞ்சியது உலி. நெடுஞ்சாலையின் ஒரு துண்டை அகலப்படுத்திய ஓடுதளம். இரவில் விமானம் இறங்கும் நேரத்துக்கு மட்டும் விளக்கு எரியும். கருவாடும் பால்மாவும் வந்த அதே தளத்தில்தான் தோட்டாவும் வந்தது. லாகோஸ் அரசு இதைச் சொல்லியே நிவாரண விமானங்களையும் எதிரியாகப் பார்த்தது. போர்ட் ஹார்கோர்ட் தாக்குதல் நடந்து இரண்டு வாரத்தில், ஜூன் 5 அன்று, செஞ்சிலுவைச் சங்கத்தின் டிசி-7 விமானத்தை ஒரு மிக்-17 சுட்டு வீழ்த்தியது. சங்கம் தன் விமானங்களை நிறுத்திக்கொண்டது. தேவாலய அமைப்புகள்தாம் தொடர்ந்து பறந்தன. என் கட்டுரை பட்டினியையே சுற்றிவந்ததற்கு இதுதான் காரணம்.

வான் ரோசனும் 1968இல் உலிக்கு உணவு கொண்டுபோனவர்தான். 1977இல் எத்தியோப்பியாவும் சோமாலியாவும் மோதிய ஒகாடன் போரின்போது எத்தியோப்பியாவின் கோடே நகரில் கொல்லப்பட்டார்.