டயர் வச்ச தேர் தேராகாதா?

ஐயா வணக்கம். தைப்பூசக் காவடிக்கு எங்க கோயில் பசங்க ஒரு டிரெய்லர் மேல இரும்பு ஃப்ரேம் அடிச்சு, பூவும் சீரியல் லைட்டும் கட்டி முருகனை ஊர்வலம் கொண்டு போனாங்க. தமிழ்நாட்டுலருந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர், மரச் சக்கரம் இல்ல, சிற்பம் இல்ல, இதெல்லாம் தேரே இல்லன்னுட்டார். பசங்களுக்கு மனசு விட்டுப்போச்சு. தேருக்கு உண்மையில என்னதான் அர்த்தம்?
வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பி,

பசங்களுக்கு முப்புரம் எரிச்ச கதையச் சொல்லுங்க. சிவன் ஏறின தேருக்கு பூமியே தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரம், நாலு வேதமும் குதிரை, பிரம்மா சாரதி, மேரு மலை வில்லு, வாசுகி நாணு, திருமால் அம்பு, இப்படி உலகத்துல இருந்த எல்லாத்தையும் சேத்துக் கட்டிட்டு கடைசியில அவர் அம்பே விடல, சிரிச்சார், மூணு கோட்டையும் எரிஞ்சுபோச்சுன்னு சொல்வாங்க. அப்ப அவருக்குத் தேர் எதுக்கு? எல்லாருக்கும் அந்தக் காரியத்துல பங்கு கிடைக்கட்டும்னுதான், நான் அப்படித்தான் புரிஞ்சுக்கறேன். பிள்ளையாரை மறந்துட்டுக் கிளம்பினதுக்கு அச்சு முறிஞ்சுதே, ஒருத்தரை விட்டாலும் வண்டி நகராது.

சக்கரம் விஷயம் பெருசில்ல. 96 அடி உயரம் நிக்கற திருவாரூர் ஆழித்தேருக்கே இப்ப திருச்சி பெல் கம்பெனியோட இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும்தான்.

கருவறைக்கு வர முடியாதவங்களத் தேடி சாமி தெருவுக்கு வர்றதுதான் தேர். நம்ம ஊர்ல இதுக்கு இன்னும் கனம் ஜாஸ்தி. இனத்துக்கு ஒரு இடம்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டம் வந்து, டர்பன்லயே கேட்டோ மேனர் பகுதியில இருந்த நம்ம ஜனங்களக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துல கொண்டு விட்டப்ப கோயில் பழைய இடத்துலயே நின்னுபோச்சு, அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்க இன்னைக்கு தன் வீட்டு வாசலுக்கே முருகனக் கொண்டு வர்றாங்கன்னா அத தேர் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும், டிரெய்லர இழுத்தது எது? பக்கியில, அதான் பிக்கப் வண்டியில, கட்டி இழுத்திருந்தா அடுத்த வருஷம் அத மாத்துங்க தம்பி. முன்னால ரெண்டு வடம் கட்டுங்க, பாட்டிங்க பிடிக்கட்டும், தமிழ்ல ஒரு வரி பாடத் தெரியாத பேரப் பிள்ளைங்களும் பிடிக்கட்டும், வடம் பிடிக்க பாஷை வேணாம். சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் இறக்கமும், அதனால பின்னாலயும் ஒரு கயிறு கட்டி பலமான ஆளுங்க நாலு பேர நிறுத்துங்க, சக்கரத்துக்குப் போட முட்டுக்கட்டையும் கையில இருக்கட்டும்.