மூடுபனி: வாசகர் கேள்வி பதில்

பனி, பனிமூட்டம், மூடுபனி, புகைமூட்டம் எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் எல்லாவற்றையும் கலந்துகட்டிச் சொல்கிறோம். வானிலைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு உண்டு. காற்றில் மிதக்கும் நீர்த்திவலைகளால் பார்வை எட்டும் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி. அதே திவலைகள்தான், ஆனால் 1 கிலோமீட்டருக்கு மேலும் தெரிகிறது என்றால் லேசான பனிமூட்டம். ஈரமில்லாமல் தூசியும் புகையும் மறைத்தால் புகைமூட்டம். புல்லின் மேல் நிற்கிற பனித்துளி மிதந்து வந்து விழுவதல்ல, குளிர்ந்த இலையின் மேலேயே உருவாவது.

மூடுபனியை நீராவி என்றும் சொல்லக் கூடாது. நீராவி கண்ணுக்குத் தெரியாது. தெரிவது அது குளிர்ந்து ஆன துளிகள். விட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

மேகமில்லாத இரவுக்குப் பிறகுதான் மூடுபனி அதிகமாக இருக்கிறதே, ஏன்?

மேகம் இருந்தால் தரையின் சூடு முழுதாக வெளியேறாது. வானம் தெளிவாக இருந்தால் தரை வேகமாகக் குளிரும், அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிரும். காற்று பலமாக வீசினால் மேலே உள்ள உலர்ந்த காற்று கலந்து கலைத்துவிடும்.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் இன்னும் மோசமாகிறது. மஞ்சள் விளக்கு வாங்கலாமா?

ஹை பீம் வெளிச்சம் துளிகளில் பட்டுச் சிதறி உங்கள் கண்ணுக்கே திரும்புகிறது. எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் போதும். ஃபாக் லேம்ப்பை பம்பரில் தாழ்வாக வைப்பதும், அதன் ஒளி அகலமாக, மேலே ஏறாமல் விழுவதும் இதற்காகத்தான். நிறத்தில் பெரிய லாபம் இல்லை. துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. மூடுபனி வெள்ளையாகத் தெரிவதே அதனால்தான்.

விளக்கைவிட வேகம் முக்கியம். ஈரச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் சுதாரித்து பிரேக் போட்டு நிற்பதற்குள் வண்டி சுமார் 60 மீட்டர் ஓடிவிடும். 40-இல் போனால் 30 மீட்டரை ஒட்டி நிற்கும். 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால் எந்த வேகம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள், பக்கக் காட்சிகள் மறைந்திருக்கும்போது மெதுவாகப் போவது போன்ற பிரமை வரும். நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுவது பலரிடம் உள்ள கெட்ட பழக்கம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும்.

காரின் முன்கண்ணாடி திடீரென மங்குகிறது. துடைத்தாலும் மறுபடி வருகிறது. என்ன செய்வது?

முதலில் வைப்பரை ஒருமுறை ஓடவிடுங்கள். போய்விட்டால் ஈரம் வெளிப்பக்கம்: ஏசி கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிர்வித்திருக்கிறது. குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பினால் சரியாகிவிடும்.

வைப்பர் ஓடியும் மங்கல் போகவில்லை என்றால் ஈரம் உட்பக்கம். ஆட்களின் மூச்சும் நனைந்த துணியும் காரணம். ஏசியை ஆன் செய்து, வெப்பநிலையைக் கூட்டி, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. காற்றின் ஈரத்தைப் பிரித்து வண்டிக்கு அடியில் சொட்டவிடுவது ஏசிதான். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் இதை மறப்பதால்தான் மங்கல் திரும்பத் திரும்ப வருகிறது. கையால் துடைக்காதீர்கள், விரல் எண்ணெய் படிந்த இடத்தில் எதிர்வண்டி வெளிச்சம் கோடு கோடாகச் சிதறும்.

இத்தனை செய்தும் பிசுபிசுப்பான படலம் படிந்து, இனிப்பு வாடையும் அடித்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசியலாம். மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கொசுவுக்கு அடிக்கும் 'ஃபாகிங்' புகையால் பயன் உண்டா?

உண்டு, கொஞ்ச நேரத்துக்கு. டீசல் அல்லது மண்ணெண்ணெயில் கலந்த மருந்தைச் சூடாக்கி நுண்துளிகளாக விடுகிறார்கள். அந்த நேரத்தில் பறக்கும் கொசு சாகும். தண்ணீரில் உள்ள புழு சாகாது. உச்சிவெயிலில் அடித்தால் சூடான தரைக்காற்றோடு புகை மேலே போய்விடும், அதிகாலையும் அந்தியும்தான் சரியான நேரம். டெங்கு பரப்பும் கொசு வீட்டுக்குள் துணி மறைவில் ஒண்டியிருக்கும் என்பதால் தெருவில் மட்டும் அடிப்பது அதை அவ்வளவாகத் தொடாது. தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுவதே மேல்.