ஜூன் பேக்கன்-பெர்சி ஏன் முன்னோடி வானிலையியலாளர் எனப்படுகிறார்?

வானிலையியலாளர் என்பவர் காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றை ஆராய்ந்து வானிலையைத் தாமே கணிப்பவர். எழுதித் தந்த அறிக்கையைத் திரையில் வாசிப்பவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு, மருந்துச்சீட்டை வாசிப்பவருக்கும் நோயைக் கண்டறியும் மருத்துவருக்கும் உள்ளதைப் போன்றது. 1928இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கரான ஜூன், மனையியல் படிக்குமாறு ஆலோசகர் கூறியதை ஏற்காமல், லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1954இல் வானிலையியல் பட்டம் பெற்றார். 1970களின் தொடக்கத்தில் பஃபலோ நகரத் தொலைக்காட்சியில் வானிலையியலாளரானார். பின்னர் 1977இல் தொலைக்காட்சி வினாடிவினாவில் வென்ற 64,000 டாலர் பரிசிலிருந்து, இத்துறையில் பயிலும் பெண்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். அவரது வாழ்வில் நான் பெரிதும் மதிப்பது இதையே.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் வானிலை சொன்ன முதல் பெண் இவர் என்பது சரியன்று; தோற்றத்துக்காக அமர்த்தப்பட்ட பெண்கள் முன்பே அறிக்கை வாசித்தனர், முறையாகப் பயின்ற வானிலையியலாளராகத் தோன்றிய முதல் பெண்ணே இவர்.