ஜெர்மன் வேற்றுமை குழப்புகிறதா? பள்ளித் தமிழ் இலக்கணத்தைக் கையில் எடுங்கள்

கேள்வி: நான் தஞ்சாவூரில் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக ஜெர்மன் படிக்கிறேன். ஏ1 என்ற முதல் நிலையை எப்படியோ தாண்டிவிட்டேன். அடுத்த நிலையான ஏ2-வில் அக்குஸாட்டிவ், டாட்டிவ் என்று வேற்றுமைகள் வந்ததும் டேர், டேன், டேம் எல்லாம் குழம்பிவிட்டது. தமிழ் வழியில் படித்தவள் என்பதால் ஆங்கில இலக்கணமும் எனக்குச் சரியாக வராது. முதலில் அதைச் சரிசெய்துகொண்டு ஜெர்மனுக்கு வரலாமா? முன்பு டெல்லியில் வேலை பார்த்தபோது இந்தி பேசப் பழகினேன். அதிலும் 'நே' எங்கே போடுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் இலக்கணத்தை அடியிலிருந்துதான் தொடங்க வேண்டுமா?

பதில்: ஆங்கில இலக்கணத்துக்குப் போகவே வேண்டாம். உங்களுக்கு இப்போது சிக்கலாக இருப்பது வேற்றுமை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் தேய்ந்துபோன விஷயம். பழைய ஆங்கிலத்தில் ஜெர்மனைப் போலவே வேற்றுமை இருந்தது. இன்று 'ஹி - ஹிம்', 'ஷி - ஹெர்' போன்ற சில பிரதிப்பெயர்களில்தான் மிச்சம் இருக்கிறது. 'தி டாக்டர்' என்ற சொல் வாக்கியத்தில் எங்கே நின்றாலும் 'தி டாக்டர்'தான். அங்கே ஆறு மாதம் செலவழித்தாலும் டேன், டேம் விளங்காது.

தமிழில் அப்படியில்லை. 'டாக்டர்', 'டாக்டரை', 'டாக்டருக்கு', 'டாக்டருடைய' என்று நாள் முழுக்க உருபு போட்டுத்தான் பேசுகிறீர்கள். வேற்றுமை எட்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஜெர்மனில் நான்குதான். எழுவாய் வேற்றுமை நோமினாட்டிவ், 'ஐ' அக்குஸாட்டிவ், 'கு' டாட்டிவ், 'உடைய' கெனிட்டிவ். தமிழில் உருபு பெயரின் வாலில் ஒட்டும். ஜெர்மனில் அந்த வேலையைப் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் நிற்கும் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (நபும்சகம், அதாவது இரண்டும் அல்லாதது) செய்கின்றன. செய்கிற வேலை ஒன்றுதான், இடம்தான் வேறு.

எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். நமக்கு 'ஐ' இரண்டாம் வேற்றுமை, 'கு' நான்காம் வேற்றுமை. ஜெர்மன் பள்ளிப் புத்தகங்களில் கெனிட்டிவ் இரண்டாவது, டாட்டிவ் மூன்றாவது, அக்குஸாட்டிவ் நான்காவது. அதனால் உருபை வைத்தே நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே மனப்பாடம் செய்ய வேண்டியவை நான்கு கேள்விச் சொற்கள். வேர் என்றால் யார், வேன் என்றால் யாரை, வேம் என்றால் யாருக்கு, வெஸன் என்றால் யாருடைய. வேர் - டேர், வேன் - டேன், வேம் - டேம் என்று ஒலியும் ஒத்துப்போவதைக் கவனியுங்கள். ஆண்பால் பெயராக இருந்தால் கேள்வியின் கடைசி ஒலிதான் பதிலிலும் வரும். 'யாரைக் கூப்பிடுகிறாய்?' என்று தமிழில் கேட்டால் விடை 'டாக்டரை'. அப்படியானால் வேன், ஆகவே டேன் ஆர்ட்ஸ்ட். 'யாருக்கு உதவுகிறாய்?' 'டாக்டருக்கு.' அப்படியானால் வேம், ஆகவே டேம் ஆர்ட்ஸ்ட்.

பதினாறு கட்டம் போட்ட அட்டவணையை ஒரே நாளில் விழுங்கப் பார்ப்பதுதான் ஏ2-வில் பலரையும் சாய்க்கிறது. அதைப் பிரித்துப் படியுங்கள். அக்குஸாட்டிவில் மாறுவது ஆண்பால் ஒருமை மட்டும்தான், டேர் டேன் ஆகிறது. டீயும் டாஸும் அப்படியே நிற்கும். ஒரு வாரம் இதை மட்டும் பழகுங்கள். அப்புறம் டாட்டிவ்: ஆண்பாலுக்கும் நபும்சகத்துக்கும் டேம், பெண்பாலுக்கு டேர், பன்மைக்கு டேன். பெண்பால் டாட்டிவின் டேரும் ஆண்பால் எழுவாயின் டேரும் ஒரே சொல்லாக இருப்பதுதான் உங்களைக் குழப்புகிறது. பெயரின் பால் உறுதியாகத் தெரிந்துவிட்டால் அந்தக் குழப்பம் தானாகத் தீரும்.

இனி உங்கள் தொழிலிலிருந்தே ஒரு வாக்கியம். வார்டில் தினமும் கேட்கப்போகிற கேள்வி இது: 'வோ டூட் எஸ் ஈனன் வே?' தமிழில் 'உங்களுக்கு எங்கே வலிக்கிறது?' இதில் ஈனன் என்பது 'உங்களுக்கு', அதாவது டாட்டிவ். நோயாளி, 'மியர் டூட் டேர் கொப்ஃப் வே' என்பார். மியர் என்பது எனக்கு, டேர் கொப்ஃப் என்பது தலை, டூட் வே என்பது வலிக்கிறது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்ற வாக்கியம் அச்சு மாறாமல் அங்கே இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் 'ஐ ஹேவ் எ ஹெட்டேக்' என்று தொடங்கி, 'எனக்கு' எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கும். தமிழருக்கு அந்தத் தேடலே தேவையில்லை.

'எனக்குக் குளிர்கிறது' என்பது 'மியர் இஸ்ட் கால்ட்'. 'எனக்குப் பிடிக்கிறது' என்பதற்கு கெஃபாலன் என்ற வினை, 'எனக்குச் சொந்தம்' என்பதற்கு கெஹோரன். அவருக்கு உதவுவது ஹெல்ஃபன், அவருக்கு நன்றி சொல்வது டாங்கன், அவருக்குப் பதில் சொல்வது ஆன்ட்வோர்டன். எல்லாம் டாட்டிவ், எல்லாவற்றிலும் தமிழில் 'கு'. வகுப்பில் இவற்றைத் தனிப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நீங்கள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே போதும்.

எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்திவிடாது. பொருந்தாத இடங்களைத்தான் நோட்டில் எழுத வேண்டும். 'டாக்டருக்கு போன் பண்ணு' என்கிறோம். ஆனால் ஆன்ரூஃபன் அக்குஸாட்டிவ் கேட்கும், டேன் ஆர்ட்ஸ்ட் என்றுதான் வரும். 'உன்னை நம்புகிறேன்' என்கிறோம். கிளௌபன் டாட்டிவ் கேட்கும். 'அவரைப் பின்தொடர்' என்பதற்கான ஃபோல்கனும் டாட்டிவ்தான். 'டாக்டரிடம் கேட்கிறேன்' என்பதில் வரும் ஃபிராகன் அக்குஸாட்டிவ். பெரிய பொறி ஹாபன், அதாவது ஆங்கிலத்தின் 'ஹேவ்'. தமிழில் அதற்கு நேரான வினையே கிடையாது. 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்று தம்பியை எழுவாயாக்கிச் சொல்கிறோம். ஜெர்மனில் 'நான்' எழுவாய், தம்பி அக்குஸாட்டிவ்: 'இஷ் ஹாபெ ஐனன் புரூடர்.' இதில் ஐனன் என்பது 'ஒரு' என்பதன் ஆண்பால் அக்குஸாட்டிவ். 'எனக்கு வேண்டும்' என்பதற்கான பிரௌஹனும் இதே வகை. இந்த இரண்டிலும் தமிழின் 'எனக்கு'வை விட்டுவிட வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. தமிழில் அஃறிணைக்கு 'ஐ' போடாமலே பேசுகிறோம். 'காபி குடித்தேன்', 'மாத்திரை கொடுத்தேன்' என்போம். இதைக் கேட்டுக் காபியை எழுவாய் வேற்றுமை என்று எண்ணிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் 'ஐ' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'காபியைக் குடித்தேன்' நிற்கிறது, ஆகவே அது அக்குஸாட்டிவ்: ஐனன் கஃபே. 'இவர் டாக்டர்' என்பதில் 'டாக்டரை' என்று போட முடியாது, ஆகவே அது நோமினாட்டிவ். பரீட்சைத் தாளிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

இடம் சொல்லும் இன், ஆன், அவுஃப் முதலிய ஒன்பது முன்னிடைச் சொற்கள் சில சமயம் அக்குஸாட்டிவும் சில சமயம் டாட்டிவும் கேட்கும். இங்கும் தமிழைக் கேளுங்கள். 'ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்', 'ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன்' என்று போகும் இடத்தையும் இருக்கும் இடத்தையும் தமிழ் பிரித்துக் காட்டுகிறது. போவதானால் அக்குஸாட்டிவ், இருப்பதானால் டாட்டிவ்: 'இன்ஸ் கிராங்கன்ஹௌஸ்' (இன் + டாஸ்), 'இம் கிராங்கன்ஹௌஸ்' (இன் + டேம்). இங்கே வரும் 'கு'வைப் பார்த்து டாட்டிவ் என்று ஓடிவிடாதீர்கள். மேலே சொன்ன 'கு' ஒருவருக்கு நேர்வதையோ கொடுப்பதையோ சொல்வது. இது திசையைச் சொல்வது. திசையைச் சொன்னாலும் ட்ஸு என்ற சொல் வந்தால் எப்போதும் டாட்டிவ்தான். டாக்டரிடம் போவது 'ட்ஸும் ஆர்ட்ஸ்ட்' (ட்ஸு + டேம்).

தமிழ் கைகொடுக்காத இடம் பால். நமக்குப் பால் பொருளைப் பார்த்து அமைகிறது. மனிதரானால் ஆண் பெண், மற்றதெல்லாம் அஃறிணை. ஜெர்மனில் ஸ்பூன் ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி நபும்சகம். 'மேட்ஷன்' என்றால் சிறுமி, ஆனால் டாஸ் மேட்ஷன். '-ஷன்' என்று முடியும் குறுமைப் பெயர் எல்லாம் டாஸ் என்பது விதி. காரணம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எந்தப் பெயரையும் தனியாக எழுதாதீர்கள், டேர் அல்லது டீ அல்லது டாஸ் சேர்த்தே எழுதுங்கள், சேர்த்தே வாய்விட்டுச் சொல்லுங்கள். '-உங்', '-ஹைட்', '-கைட்' என்று முடிபவை டீ. உங்களுக்கு இது பெரிய லாபம். பரிசோதனை, சிகிச்சை, தடுப்பூசி, அழற்சி ஆகியவற்றுக்கான சொற்கள் '-உங்' என்றும், நோய் என்ற சொல் '-ஹைட்' என்றும் முடிகின்றன. எனக்கு இந்த மனப்பாடத்துக்குக் குறுக்கு வழி எதுவும் தெரியாது, தினமும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சொல்வரிசையில் மறுபடி நமக்கு வசதி. 'ஏனென்றால்' பொருளில் வரும் வைலுக்குப் பின் வினை கடைசிக்குப் போய்விடும்: 'வைல் இஷ் ஃபீபர் ஹாபெ' (ஏனென்றால் எனக்குக் காய்ச்சல்). வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. தனி வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் நிற்கும் என்பதைத்தான் பழக வேண்டும். மரியாதையும் அப்படியே. 'நீங்கள்' பன்மையாக இருந்தாலும் ஒருவரையே குறிப்பதுபோல ஸீ என்பதும் பன்மை வினையோடு வரும். பெரியவர்களான நோயாளிகளிடம் ஸீதான், 'நீ' என்ற பொருளில் வரும் டூ வேண்டாம்.

இறந்த காலத்தில் ஆங்கிலம் தடுக்கவே செய்யும். 'நேற்று நான் தூங்கவில்லை' என்பதை ஜெர்மன்காரர் பேச்சில் 'கெஸ்டர்ன் ஹாபெ இஷ் நிஷ்ட் கெஷ்லாஃபன்' என்பார். 'யெஸ்டர்டே'யோடு 'ஹேவ்' சேர்த்தால் ஆங்கிலத்தில் பிழை, ஜெர்மனில் அதுதான் வழக்கம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இங்கே தயங்கி நிற்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தத் தயக்கம் இருக்காது.

இனி இந்திக்கு வருகிறேன். உங்கள் 'நே'க்கான விடையும் தமிழில்தான் இருக்கிறது. 'நான் சாப்பிடுகிறேன்' என்கிறோம், ஆனால் 'எனக்குப் பசிக்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். ஏன்? 'நான்' மேல் உருபு ஏறிவிட்டால் வினை அதோடு ஒத்துப்போவதை விட்டுவிடுகிறது. உருபு ஏறாத பெயரோடுதான் வினை சேரும். ஜெர்மனிலும் இதே கதை. ஒரு தலை வலித்தால் டூட், இரண்டு கால் வலித்தால் 'மியர் டூன் டீ பைனெ வே'. வினை காலைப் பார்த்துப் பன்மையாகிறது, 'எனக்கு'வைப் பார்ப்பதில்லை.

'நே'யும் ஓர் உருபு. செயப்படுபொருள் உள்ள வினை, முடிந்த செயலாக இறந்த காலத்தில் வந்தால் செய்தவர் மேல் அது ஏறும். ஏறியதும் வினை செய்தவரை விட்டுவிட்டுச் செயப்படுபொருளைப் பார்க்கும். நீங்கள் பெண்ணாக இருந்தாலும், மாம்பழம் இந்தியில் ஆண்பால் என்பதால் 'மைனே ஆம் காயா'. ஆண் ஒருவர் சப்பாத்தி சாப்பிட்டாலும் ரோட்டீ பெண்பால் என்பதால் 'மைனே ரோட்டீ காயீ'. செயப்படுபொருள் மேலும் நம் 'ஐ' போன்ற 'கோ' ஏறிவிட்டால் வினை சேர்வதற்குப் பெயரே இல்லை. அப்போது அது ஆண்பால் ஒருமையிலேயே நின்றுவிடும்: 'மைனே உஸ் லட்கீ கோ தேகா' (நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்). நம் 'பசிக்கிறது'ம் இப்படித்தான், சேர ஆள் இல்லாமல் அஃறிணை ஒருமையில் நிற்கிறது.

போ, வா, தூங்கு போன்ற செயப்படுபொருள் இல்லாத வினைகளுக்கு 'நே' கிடையாது. செயப்படுபொருள் இருந்தும் 'நே' ஏற்காத லானா (கொண்டுவருவது), பூல்னா (மறப்பது) இரண்டையும் தனியாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் கொண்டுவந்தது நீங்கள் என்றால் 'மை(ங்) சாய் லாயீ'. இங்கே 'லாயீ' பெண்பாலாவது உங்களைப் பார்த்து, சாயைப் பார்த்து அல்ல.